வேலை இடத்தில் கிடைத்த பாராட்டு, கிடைக்காத பாராட்டு: உங்களுக்கு மறக்காதது எது?

பேட்லாக் (திருப்பூர்):
ஷிப்மெண்ட் நெருங்கினால் பனியன் கம்பெனி எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும், அதை விடுகிறேன். அப்படி ஒரு ராத்திரி, லைன் சூப்பர்வைசர் அக்கா என் பண்டலிலிருந்து ஒரு பீஸை உருவி, உள்பக்கம் திருப்பி, கழுத்துத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்வது, வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவரோ மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்து பக்கத்து டெய்லர்களைக் கூப்பிட்டு, "இழுத்தாலும் நூல் விடலை, சுருக்கமும் விழலை, கழுத்து இப்படித்தான் உட்காரணும், பாருங்க" என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். அதே கம்பெனி ஆயுத பூஜைக்கு மேடை போட்டுச் சிறந்த தொழிலாளர் ஷீல்டு கொடுத்தது, எனக்கும் ஒன்று. பெயரைச் சொல்லவில்லை, டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கொடுத்தவருக்கு நான் ஓட்டுவது சிங்கர் தையல் மெஷினா ஓவர்லாக் மெஷினா என்றுகூடத் தெரியாது. அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம்மாடி (சென்னை):
ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே (கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது), அதற்கப்புறம் எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. கஸ்டமர் இல்லாத மத்தியானத்தில்கூட கேமராவுக்குப் பயந்து நின்றுகொண்டே இருப்போம், ஸ்டூல் மேல் புடவைக் கட்டுதான் இருக்கும். ஒரு முகூர்த்த நாளில் கூட்டம் ஓய்ந்த பிறகு எங்கள் ஃப்ளோர் மேனேஜர் அண்ணாச்சி அந்தக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, கேமராவுக்கு நேராகத் தானே முதலில் உட்கார்ந்தார். "காலையிலேர்ந்து நீங்கதானே இந்தக் கூட்டத்தை ஓட்டுனீங்க, உட்காருங்கம்மா, யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கஷ்டப்படும் அக்கா ஒருத்தி அப்போதுதான் உட்கார்ந்தாள். அண்ணாச்சியை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது ஸ்டூலில் மறுபடியும் புடவைதான்.

லேத்துக்காரன் (கோவை):
பேட்லாக் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் முன்பு இருந்த பட்டறையில் நல்ல வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. "நீ இல்லாம இந்த மெஷின் ஓடாதுப்பா" என்று தோளில் தட்டுவார் முதலாளி. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். போனஸ் என்று வாயெடுத்தால் "நாம ஒரே குடும்பம்" என்பார்.

இதைப் படிக்கிற சின்னப் பையன்கள் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. 8.33 என்றால் வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்துப் போடும் கணக்கு. நட்டம் என்று சொல்லி இந்தக் குறைந்தபட்சத்தை நிறுத்த முடியாது, புதுக் கம்பெனிக்கு மட்டும் முதல் ஐந்து வருடத்தில் லாபம் வராத வருடத்துக்கு விலக்கு உண்டு. வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே கேட்கலாம். சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு இது பொருந்தாது. சம்பளச் சீட்டை வாங்கி வையுங்கள், வருகைப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், கையில் காசாகக் கொடுத்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். பேர் இல்லை என்றால் நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பீர்கள்? தட்டிக்கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

கம்பம்:
லேத்துக்காரன் அண்ணே, காசு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு கரண்ட் லைன் வேலை பார்க்கும் எங்களை மேற்கு மாவட்டத்திலிருந்து டெல்டாவுக்கு அனுப்பினார்கள். வண்டி போகாத வயலில் மின்கம்பத்தைத் தோளில் தூக்கித்தான் நடந்தோம், முழங்கால் வரை சேறு. படியும் சம்பளமும் வந்தன, குறை இல்லை. ஒரு ஊரில் லைன் சார்ஜ் ஆகி கரண்ட் வந்ததும் தெருவே கத்தியது. தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த வீட்டிலிருந்து ஒரு பாட்டி ஆரத்தித் தட்டோடு வந்து, எங்களை வரிசையாக நிறுத்திச் சுற்றினார். "மழையில நின்ன புள்ளைங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று திண்ணையில் இலை போட்டார். அவர் வீட்டுக் கூரையே போயிருந்தது. இதை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பீர்கள், சொல்லுங்கள்.

பேட்லாக்:
லேத்துக்காரனுக்கு: எங்களுக்கு போனஸ் தீபாவளிக்கு முன்னாடியே ஒழுங்காக வந்துவிடும், நான் அதற்கு எதிராகப் பேசவில்லை. வேலை தெரிந்த ஒருவர் பீஸைத் திருப்பிப் பார்த்துச் சொன்னதைத்தான் சொன்னேன். மூன்றாம்மாடி அக்கா, அந்த அண்ணாச்சியை மாற்றியது ஸ்டூல் விஷயத்துக்காகவா? அவர் இப்போது இருக்கும் கிளையில் மற்றவர்கள் உட்காருகிறார்களா, தெரிந்தால் எழுதுங்கள்.