கல்லுமிழ் கவண்: முற்றுகைக்கா, காவலுக்கா?

கெடிலக்கரை (கடலூர்):
நம்மவங்க கல்லெறியும் பொறியை வெச்சு முற்றுகை போட்டதில்லைன்னு சிலர் சொல்றாங்க. ஆனா சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் மதுரை மதில் பொறிகள் வரிசையா வருது: வளைவிற்பொறி (தானே அம்பு எய்யும் வில்), கல்லுமிழ் கவண் (கல்லெறியும் பொறி), ஐயவித் துலாம்... இத்தனை பெயர் இருந்தும் நம்மவங்க கல்லெறிஞ்சு கோட்டை பிடிக்கலைன்னா எப்படி? துலாம்னா கிணத்துல தண்ணி இறைக்கிற ஏற்றத்துல இருக்கிற அதே நெடுமரம்தானே. ஒரு முனையில கவண், மறுமுனையில கயிறு. சேர்ந்து இழுத்தா கல் பறக்கும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):
பட்டியலை முழுசாப் படிங்க நண்பரே. கொதிக்கிற எண்ணெய், மதில் மேல கை வைக்கிறவன் கையைக் குத்துற ஊசி, கதவை அடைச்சு நிறுத்துற எழு, சீப்பு. இதையெல்லாம் முற்றுகை இட வந்தவன் தூக்கிட்டு வருவானா? எல்லாமே உள்ளே இருக்கிறவன் கருவி.

தூரத்தையும் பாருங்க. கௌடில்யரோட அரசியல் நூலான அர்த்தசாஸ்திரம், கோட்டையைச் சுத்தி 14, 12, 10 தண்டம் (பழைய நீள அளவு) அகலத்துல மூணு அகழி சொல்லுது. நடுவுல ஒவ்வொரு தண்டம் இடைவெளி. அதுக்கப்புறம் 4 தண்டம் தள்ளித்தான் மதில் நிக்கிற மண்கரை. மொத்தம் 42 தண்டம். தண்டம் சுமார் 6 அடின்னா 75 மீட்டருக்கு மேல. சீனர்கள் 1044இல் தொகுத்த போர்க்கையேட்டுல 7 கழி சேர்த்துக் கட்டின பெரிய பொறிக்கே 250 பேர் கயிறு இழுக்கணும். 60 கிலோ கல் ஏறக்குறைய இதே தூரம்தான் போகும். அகழி விளிம்புல அம்புக்கு நெஞ்சைக் காட்டி நின்னு எறிஞ்சாலும் கல் கரையடியில விழும். அந்தக் கரையோ யானையும் மாடும் மிதிச்சு இறுக்கின மண். கல்லை வாங்கிக்கும், உடையாது.

கெடிலக்கரை:
மூணு அகழி எல்லா ஊர்லயும் இருந்திருக்காது. வடக்கே மகத மன்னன் அஜாதசத்துருவோட மகாசிலாகண்டகம் இருக்கே, பெருங்கல் எறிஞ்ச பொறின்னு சொல்றாங்களே?

முத்தியால்பேட்டை:
அது வெட்டவெளிப் போர், முற்றுகை இல்லை. பகவதி சூத்திரம்ங்கிற சமண நூல் சொல்ற விளக்கமும் வேற: புல்லோ சிறுகல்லோ பட்டாலும் பெரும்பாறை விழுந்த மாதிரி இருந்ததாம். இதை வெச்சு ஒரு பொறியை வரைய முடியாது.

பண்ருட்டி:
கல்லெறியும் பொறிக்கான நெடுமரத்தைப் பத்தி ஒண்ணு. சவுக்கை வெச்சுக் கணக்குப் போடாதீங்க, அது நம்ம கரைக்கு 19ஆம் நூற்றாண்டுல வந்தது. பனைக்கு வெளியே வைரம் (கெட்டியான பகுதி), உள்ளே சோறு (மெத்துன்னு இருக்கிற பகுதி). அச்சுக்குத் துளை போட்ட இடத்துல, வெடுக்குன்னு இழுத்தா பிளந்துடும். ஏற்றத்துல நிதானமா ஏறி இறங்குறதால தாங்குது. மூங்கிலைக் கட்டாக் கட்டினாத்தான் சரி. இழுப்பும் ஒரே நேரத்துல விழணும். பிசகினா மரம் திருகி, கல் செங்குத்தா ஏறி இழுத்தவங்க தலையிலேயே விழும்.

முற்றுகையில உண்மையான ஆயுதம் பசி. புறநானூறு 44இல் அடைபட்ட கோட்டைக்குள்ள யானைக்குக் கவளம் இல்லை, குழந்தைக்குப் பால் இல்லை.

கெடிலக்கரை:
பசியை ஒத்துக்கிறேன். ஆனா அர்த்தசாஸ்திரத்துல முற்றுகைப் பகுதியே, காவல் அதிகமா இருக்கிற இடத்தை யந்திரத்தால தாக்கச் சொல்லுதே?

முத்தியால்பேட்டை:
சொல்லுது. அங்கே குறி காவலர்கள், மதில் இல்லை. ஆளை விரட்ட சின்னக் கல் போதும். மதிலுக்கு அதே பகுதி காட்டுற வழி வேற: அகழித் தண்ணியை வடிக்கணும் இல்லேன்னா தூர்க்கணும், அப்புறம் சுரங்கம் தோண்டணும்.