பூசை முடிந்த பிறகு, குடும்பக் குழுவில்

ஜெனி: சேவியர் சித்தப்பா, ஒரு சந்தேகம். பூசையில் சொல்கிற நம்பிக்கை அறிக்கையில் இயேசுவை ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்கிறோமே, அது என்ன பொருள்? அர்த்தமா, சாமானா? 😀

சேவியர் சித்தப்பா: இரண்டும் இல்லை. ‘ஊசியா’ என்ற கிரேக்கச் சொல். ஒன்று எதுவாக இருக்கிறதோ, அது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சேர்த்தது. இன்று துருக்கியில் இஸ்னிக் என்கிறார்கள்.

ரோஷன்: ஆரியுசுக்கு எதிராகத்தானே? இயேசு வெறும் மனிதர் என்றவர்?

சேவியர் சித்தப்பா: அப்படி அவர் சொல்லவில்லை. அலெக்சாந்திரியாவில் பங்குச் சாமியார் அவர். மகன் உலகத்துக்கு முன்பே இருந்தவர்தான், ஆனால் தந்தையால் படைக்கப்பட்டவர் என்றார். அதைப் பாட்டாகவும் கட்டினார். மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடினார்களாம்.

மேரி அத்தை: தகப்பன் பிள்ளைக்கு முந்தியவன்தானே? இதில் தப்பான போதனை எங்கே வந்தது?

சேவியர் சித்தப்பா: அதுதான் அவர் பலம் அக்கா, கேட்டதும் புரிந்துவிடும். ஆனால் படைக்கப்பட்டவரே படைக்கப்பட்ட நம்மை எப்படி மீட்பார் என்று, பின்னாளில் அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியார் மடக்கினார். கடனில் மூழ்கியவன் இன்னொரு கடனாளிக்கு ஜாமீன் நிற்கிற கதை.

ரோஷன்: ஒரே எழுத்துக்காக நிசேயாவில் அடித்துக்கொண்டார்கள் என்று ஃபார்வர்டு வந்ததே?

சேவியர் சித்தப்பா: அது நிசேயாவில் இல்லை, முப்பது வருடம் கழித்து. ‘ஹோமோஊசியோஸ்’ என்றால் ஒரே பொருள். நடுவில் ஓர் ‘இ’ வந்தால் ஒத்த பொருள். தமிழிலும் சொல்லிப் பார், ஒரே, ஒத்த.

ஜெனி: ரோமப் பேரரசர் சொல்லியும் அடங்கவில்லையா?

சேவியர் சித்தப்பா: எங்கே! கான்ஸ்டன்டைன் ஆரியுசை நாடு கடத்தினார், அப்புறம் அவரே திரும்ப அழைத்தார். அத்தனாசியாரை வெவ்வேறு பேரரசர்கள் ஐந்து முறை துரத்தினார்கள். 337இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார் தெரியுமா? நிக்கோமேதியா ஊர் ஆயர் யூசேபியுஸ், ஆரியுசின் ஆள்! 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்கள் சங்கம் வரை இந்தச் சண்டை இழுத்தது. அந்த ஊரில் ரொட்டி விலை கேட்டால் ‘தந்தை பெரியவர், மகன் சிறியவர்’ என்று பதில் வருகிறது எனச் சலித்துக்கொண்டார் நீசா ஊர் ஆயர் கிரகோரியார்.

மேரி அத்தை: இங்கேயும் அதே கதைதான். இட்லி மாவு யார் வாங்குவது என்று காலை எட்டு மணிக்குக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ரோஷன்: வாங்கிவிட்டேன் அத்தை 🙏

ஜெனி: சித்தப்பா, ஆரியுசின் பாட்டு எங்காவது கிடைக்குமா?

சேவியர் சித்தப்பா: முழுசாக இல்லை. கொஞ்சம் வரிகள்தான் மிச்சம். பெரும்பாலும் அத்தனாசியார் திட்டுவதற்காக எடுத்துப் போட்டவை.