ஒரே சொல் திரும்பத் திரும்ப: தேடி மஞ்சள் பூசிய அனுபவங்கள்

கொட்டாஞ்சேனைக்காரி:
அப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலரை நான்தான் அடித்தேன். ஒரு பக்கத்தில் எத்தனை 'அப்பா' என்று அண்ணா ஏசினார். சரி, எண்ணித்தான் பார்ப்போமே என்று வேர்டில் கன்ட்ரோல் எச் போட்டு, தேடும் பெட்டியில் அப்பா, மாற்றும் பெட்டியில் ^& (தேடிய சொல்லையே திரும்ப வைக்கும் குறி), ஃபோர்மட்டில் ஹைலைட் கொடுத்தேன். பக்கம் முழுக்க மஞ்சள். பாதியை வெட்டினேன், மிச்சத்தின் மஞ்சளை எடுக்க மறந்துபோனேன். கறுப்பு வெள்ளையில் 150 பிரதி அடித்தாயிற்று. 'அப்பாவுக்கு' என்ற சொல்லில் அப்பா மட்டும் சாம்பல், வுக்கு வெள்ளை. சாப்பிட்டு எழும்பிய மாமி ஒருவர் மலரைத் தடவிப் பார்த்து, "அப்பாவுக்கு மட்டும் நிழல் போட்டிருக்கிறாய், வடிவா இருக்கு பிள்ளை" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். இன்றுவரை ஒருவருக்கும் உண்மை சொல்லவில்லை.

101இல் தொங்குபவன்:
அக்கா, இதற்கு கன்ட்ரோல் எச் எதற்கு? அதே பெட்டியில் 'ஃபைண்ட்' பக்கத்துக்குப் போனால் 'ரீடிங் ஹைலைட்' இருக்கிறது. அதில் 'ஹைலைட் ஓல்' கொடுத்தால் மஞ்சள் திரையில் மட்டும்தான், பிரிண்டில் வராது. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் கன்ட்ரோல் எஃப்; வேர்ட் 2010 பதிப்பு தொடக்கம் இடப்பக்கம் ஒரு பட்டி திறந்து எத்தனை இடம் என்று சொல்லும். நிலையான மஞ்சள்தான் வேண்டுமென்றால், பிரிண்டுக்கு முதல் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஹைலைட்டில் 'நோ கலர்' கொடுங்கள். லிப்ரே ஒபிஸில் 'ஃபைண்ட் ஓல்' போட்டால் எல்லாம் சேர்ந்து தெரிவாகும், பிறகு நிறம் பூசலாம். என் கதை சின்னது. ஆய்வறிக்கையில் இரண்டு பக்கத்துக்குள் 14 'எனவே'. சேர் கடைசி 'எனவே'யைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார்.

பழைய டைப்செட்டர்:
தம்பி, உமது பாடமெல்லாம் யூனிகோடுக்குத்தான். புறக்கோட்டையில் நான் வேலை செய்த அச்சகத்தில் எல்லாம் பாமினி, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. 'அவர்' என்று யூனிகோடில் தேடினேன், ஒன்றும் இல்லை என்றது. "ஒருக்காலும் திரும்ப வரவில்லை ஐயா" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் பேசாமல் முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில் விரல் வைத்தார். பாமினியில் கண்ணுக்குத்தான் அது அவர். உள்ளே எம், டி, யூ, ஒரு அரைப்புள்ளி. நான் வேறு மொழியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். யூனிகோடு என்றாலும் 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. 'மர' என்று தேடினால் 'மரபு' எல்லாம் சேர்ந்து வரும். இதற்கு ரீடிங் ஹைலைட் என்ன செய்யும்?

தெகிவளை:
நீங்கள் இருவரும் சண்டை பிடியுங்கள். எங்கள் அதிபரின் சேவைநலன் பாராட்டு மலரில் 'அந்த அந்த', 'ஒரு ஒரு' என்று அவசரத்தில் நிறைய விழுந்திருந்தது. அடுத்தடுத்து வந்த சோடிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசினேன். விடிந்தால் அச்சு. வாசிக்க நேரமில்லாமல் மஞ்சள் கண்ட இடமெல்லாம் ஒன்றை வெட்டினேன். 'பாடசாலைக்காக விழுந்து விழுந்து உழைத்தவர்' என்ற வரியிலும் ஒரு 'விழுந்து' அதில் போய்விட்டது. மேடையில் மலரை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்த அதிபர் என் பக்கம் திரும்பினார்:

"நான் எங்கே தம்பி விழுந்தனான்?"