ஜீனரில் 3.6 என்று இருந்தது, மீட்டரில் 2.3 வந்தது

ஈயப்புகை:

மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த அட்மெகா8 சிப்பை வைத்து, கணினியின் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் செய்ய உட்கார்ந்தேன். இந்தச் சிப்புக்குள் யூஎஸ்பிக்கென்று தனி வன்பொருள் கிடையாது. வி-யூஎஸ்பி என்ற மென்பொருள்தான் சாதாரணக் கால்களை ஆட்டி அந்த வேலையைச் செய்கிறது. வரைபடத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் வைத்தேன்: யூஎஸ்பியின் டேட்டா வயர்களான டி பிளஸ், டி மைனஸ் இரண்டிலும் 68 ஓம் ரெசிஸ்டர், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 3.6 வோல்ட் ஜீனர் (வோல்ட்டேஜ் அந்த அளவைத் தாண்டாமல் பிடித்து நிறுத்தும் டயோடு), டி மைனஸிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1.5 கிலோ ஓம் (சாதனம் செருகியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது இந்த ரெசிஸ்டர்தான்).

செருகியதும் விண்டோஸ் இந்தச் சாதனத்தைத் தெரியவில்லை என்றது. லினக்ஸில் பார்த்தால் எர்ரர் -71 (யூஎஸ்பி பேச்சில் பிழை) வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று இரவுகள் மென்பொருளைத்தான் திட்டினேன். சிப்பின் அடிப்படை அமைப்புகளான ஃபியூஸ் பிட்டுகளைத் திரும்ப எழுதினேன், அதன் கடிகாரமான 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை இரண்டு முறை மாற்றினேன். நாலாவது இரவு அலுத்துப்போய் மல்டிமீட்டரை டி மைனஸில் வைத்தேன். செருகியபடி சும்மா இருக்கும்போது அங்கே 3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 2.3 காட்டியது.

தப்பு ஜீனரில்தான். அரை வாட் கேட்டுப் போன இடத்தில் ஒரு வாட்தான் இருந்தது. கூடுதலாகத் தாங்குவது நல்லதுதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கி வந்தேன். அதன் தகவல் தாளை அப்புறம்தான் படித்தேன். 1என்4729ஏ என்ற அந்த ஜீனர் 3.6 வோல்ட் காட்டுவது 69 மில்லிஆம்பியர் ஓடும்போது. அரை வாட் பிஇசட்எக்ஸ்55 வகைக்கு அதே 3.6ஐ அளந்திருப்பது 5 மில்லிஆம்பியரில். நம் 1.5 கிலோ ஓம் வழியாக ஓடுவது இரண்டு மில்லிஆம்பியர்கூட இல்லை. அவ்வளவு சொற்ப மின்னோட்டத்தில் குறைந்த வோல்ட் ஜீனர்கள் எழுதிய அளவுக்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன.

கணினி பேசும்போதும் இதே தொல்லைதான். யூஎஸ்பி விதிப்படி அனுப்புகிறவரின் 'மேல்' (ஹை) நிலை 2.8 முதல் 3.6 வோல்ட் வரை. ஐந்து வோல்ட்டில் ஓடும் ஏவிஆர் சிப் (அட்மெகா8 அந்த வகைதான்) 'மேல்' என்று உறுதியாக ஏற்பது அந்த ஐந்தில் 60 சதவீதத்துக்கு மேல், அதாவது 3.0. ஏற்கெனவே நூலிழை இடைவெளி. அதையும் என் தடித்த ஜீனர் தின்றுவிட்டது. போதாததற்கு அதன் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அதிகம், அலையின் ஓரங்கள் மழுங்கிவிடும்.

அரை வாட் ஜீனர் மாட்டியதும் 2.9 வந்தது. முதல் செருகலிலேயே கணினி அடையாளம் கண்டுகொண்டது. அந்த மூன்று இரவுத் தூக்கத்தை யாரிடம் கேட்பது?

பழைய வால்வு:

இதனால்தான் நான் ஜீனர் பக்கமே போவதில்லை. 5 வோல்ட் வரும் வழியில் இரண்டு 1என்4148 டயோடுகளை வரிசையாகப் போட்டு, சிப்பையே சுமார் 3.6 வோல்ட்டில் ஓட்டிவிடுவேன். கால்களில் வருவதும் அதே அளவுதான், கணினி அனுப்பும் 3.3ஐயும் சிப் தாராளமாக வாங்கிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: இந்த வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கேட்காதீர்கள். அட்மெகா328பி 12க்கு ஒத்துக்கொள்கிறது, 16க்குத் தகவல் தாள் இடம் தருவதில்லை. 16 எழுத்து, 2 வரி எல்சிடி திரையும் மாட்டினால் எழுத்து மங்கிவிடும், அதற்குத் தனியே 5 வோல்ட் கொடுக்க வேண்டும்.

ஆனால் நானும் ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலி கொடுத்தவன். நிரல் ஏற்றும் கருவியைக் கழற்ற மறந்துவிட்டேன். அதன் ஜம்பர் 5 வோல்ட்டை டயோடுகளுக்கு இந்தப் பக்கம், நேராகச் சிப்புக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. தடுக்க ஜீனரும் இல்லை. டேட்டா வயர்களில் முழு 5 வோல்ட். நல்லவேளை, நடுவில் ஒரு மலிவு யூஎஸ்பி ஹப் இருந்தது, கணினி பிழைத்தது.

ஈயப்புகை:

ஹப் என்ன ஆனது?

பழைய வால்வு:

மூன்று போர்ட் நன்றாக இருக்கிறது. நாலாவதில் நகச்சாயம் வைத்து அடையாளம் போட்டிருக்கிறேன்.

இரவுக்காரன்:

என் கதையில் ஜீனரும் இல்லை, டயோடும் இல்லை. எஸ்டிஎம்32 சிப் உள்ள புளூ பில் என்ற சின்னப் பலகை, முழுக்க 3.3 வோல்ட்தான். வோல்ட்டேஜ் பிரச்சினையே வராது என்று நினைத்தேன். வீட்டுக் கணினியில் வேலை செய்யும். அலுவலக மடிக்கணினியில் செருகினால் செருகினதாகவே தெரியாது. கேபிளைச் சந்தேகித்து நாலு கேபிள் வாங்கினேன்.

கடைசியில் பார்த்தால் டி பிளஸில் 1.5 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில், ஆர்10 என்று அச்சிட்ட ரெசிஸ்டர் 10 கிலோ ஓம். இந்தப் பலகைகள் பலவற்றில் இப்படித்தான் வருகிறதாம். கணினிப் பக்கம் கிரவுண்டுக்கு 15 கிலோ ஓம் இருக்கிறது. 3.3ஐ இரண்டும் பங்கு போட்டால் வயரில் 1.98. கணினி 'மேல்' என்று கட்டாயம் ஏற்க வேண்டிய அளவு 2.0! அந்த 0.02 வோல்ட்டில்தான் ஒரு கணினி மனமிரங்கியது, இன்னொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆர்10ஐக் கழற்ற என் கை நடுங்கும், அது அரிசியில் பாதி. டி பிளஸ் போகும் பிஏ12 காலுக்கும் 3.3க்கும் நடுவில் 1.8 கிலோ ஓம் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினேன். 10உம் 1.8உம் இணையாகச் சேர்ந்தால் 1.53 கிலோ ஓம், கணக்குக்குச் சரி. இப்போது இரண்டு கணினியிலும் ஓடுகிறது.

ஆய்வக உதவியாளர்:

எங்கள் கல்லூரியில் இதே கணக்கு வண்ணக் கோடாக வந்தது. ஒரு மாணவர் இரண்டு டயோடு போட்டு 3.6 வோல்ட்டில் ஓடும் பலகையைக் கொண்டுவந்து, கணினி கண்டுகொள்ளவே இல்லை என்றார். பழுப்பு, பச்சை, சிவப்பு போட வேண்டிய இடத்தில் பழுப்பு, பச்சை, ஆரஞ்சு. 1.5க்குப் பதில் 15 கிலோ ஓம், வயரில் 1.8 வோல்ட். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் எனக்குமே ஒன்றாகத்தான் தெரிந்தன. அன்றிலிருந்து மாட்டும் முன் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை.