மறு: ‘எதிர்ச்சுழற்சி வெப்பம்’ வேண்டாமே

> தரையிறங்கியதும் புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, எஞ்சின் சூடு ஏறுகிறது. ‘எதிர்ச்சுழற்சி வெப்பம்’ எனலாமா?

ஐயா, வணக்கம். விமானத்துறைக்கு நாம் தேடும் தமிழ்க் கலைச்சொல்லாக இது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்காத ஒன்றைச் சொல்கிறது.

மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் ஏ.டி.ஆர். என்ற புரொப்பெல்லர் விமானம் இறங்கும்போது வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். (எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கே அதுதான்.) இரைச்சல் மாறும், சுற்றும் திசை மாறாது. ஆறு இதழ்களும் தத்தம் அச்சில் திரும்பி மறுபக்கம் சாய்கின்றன, அவ்வளவுதான். சீலிங் ஃபேனில் ஒவ்வொரு இறக்கையையும் மறுபக்கம் சாய்த்துவிட்டால், மோட்டார் பழையபடி சுற்றினாலும் காற்று மேலே போகுமே, அது மாதிரி.

அப்புறம் சூடு. விமானி லீவரைப் பின்னுக்கு இழுக்கும்போது முதலில் இதழ்கள் தட்டையாகின்றன. அந்தக் கட்டத்தில் எரிபொருள் குறைவு. அதையும் தாண்டி இழுத்தால் காற்றை முன்பக்கம் தள்ள வலு வேண்டும். எரிபொருள் கூடும், வெப்பநிலையும் கூடும். வேகம் குறைந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொரு தொல்லை: முன்னே தள்ளிய தூசியும் சொந்தப் புகையும் எஞ்சின் வாய்க்கே திரும்பி வரலாம். சூடான காற்றை விழுங்கினால் எஞ்சின் இன்னும் சூடாகும். எண்ணெயைக் குளிர்விக்கும் காற்றும் அப்போது குறைவு. மதுரைச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஓட்டம் மெதுவானதும் விட்டுவிடுகிறார்கள்.

ஆக, இது தனி வெப்பம் இல்லை. எப்போதும் பார்க்கும் அதே ஐ.டி.டி. (inter-turbine temperature) முள்தான் ஏறுகிறது. நமக்குச் சொல் வேண்டியது அதற்குத்தான். எஞ்சினுக்குள் காற்றழுத்தியை (compressor) ஓட்டும் சுழலி (turbine) வேறு, புரொப்பெல்லரை ஓட்டும் சுழலி வேறு. உணரிகள் இரண்டுக்கும் நடுவே இருக்கின்றன. இங்கே ஒருவர் எழுதிய ‘இடைச்சுழலி வெப்பநிலை’ என்பது நடுவில் உள்ள ஏதோ ஒரு சுழலியின் சூடு என்றாகிவிடும். ‘சுழலியிடை வெப்பநிலை’ என்று திருப்பிப் போட்டால் சரியாகிறது. ஆற்றிடைக்குறை என்கிறோமே, அதே ‘இடை’.

விமானத்தைப் பின்பக்கம் தள்ளும் விசைக்கு (reverse thrust) ‘எதிர் உந்தம்’ கூடாது. பாடநூலில் உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. ‘பின்னுந்து’ என்று எழுதி வைத்திருந்தேன். என் தங்கை பார்த்துவிட்டு, “என்னண்ணே, பேருந்துக்குப் பின்னாடி வர்ற வண்டியா?” என்றாள். சரி, ‘பின்னுந்துவிசை’. செயலுக்குப் ‘பின்னுந்தல்’.

---

> ‘சுழலியிடை வெப்பநிலை’. செயலுக்குப் ‘பின்னுந்தல்’.

தம்பி, திசை மாறுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் புரொப்பெல்லரும் சுழல்வதுதானே, ‘சுழலி’ எதைக் குறிக்கும்? turbine-க்கு ‘விசையாழி’ இருக்கிறதே என்று பார்த்தேன். ‘விசையாழியிடை வெப்பநிலை’ என்று சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஓடுபாதையைத் தாண்டிவிடும். சுழலியே இருக்கட்டும், புரொப்பெல்லருக்குத்தான் வேறு பெயர் பார்க்க வேண்டும். ‘காற்றாடி’ என்றால் பட்டம் விடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்களோ?