லாம்டன் நின்ற இடங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

சென்னைப் பரங்கிமலை உச்சியில், இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டனின் சிலையைப் பார்த்துவிட்டு, அளவை தொடங்கிய இடம் இதுதான் என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். 1802 ஏப்ரல் 10-ல் அவர் அளக்கத் தொடங்கிய பேஸ்லைன் (முக்கோணங்களுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) கீழே, சமதரையில். மலையடிவாரப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். எஃகுச் சங்கிலி நூறடி. கண்ணிகள் 40, ஒவ்வொன்றும் இரண்டரை அடி. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகள் வைத்து, அவற்றில் சங்கிலியைக் கிடத்தி, கூடவே வெப்பமானியும் வைத்து அளந்தார்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நூறடி எஃகு ஏறத்தாழ 0.35 மி.மீ. நீளும். கோடு முழுவதற்குமான சுமார் 400 சங்கிலிக்கு அது 14 செ.மீ.! சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை விட்டால் மேலே கட்டும் முக்கோணம் அத்தனையும் கெடும். கோடு நெடுக இப்போது வீடுகள். இரு முனைகளை மட்டும் போய்ப் பாருங்கள், போதும்.

—

மேலே சொன்னதோடு ஒன்று. லாம்டனின் அளவை நிலையங்களைத் தரும் பழைய அட்டவணையின் தீர்க்கரேகையை அப்படியே போன் மேப்பில் போடாதீர்கள். சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையையே அன்று இரண்டு கலைக்கு (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) மேல் கிழக்கே தள்ளிக் கணக்கிட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் அதைப் பிடித்துத் தொங்குபவை. நான்கு கிலோமீட்டருக்கு மேல் தவறும், கடற்கரையோர ஊர்களில் புள்ளி கடலில் விழும். அட்டவணையில் உள்ள தூரங்களை நம்பலாம். அடியை 0.3048-ஆல் பெருக்கி, கருங்குழி, பெருமுக்கல் போல இடம் தெரிந்த இரண்டு நிலையங்களிலிருந்து, தேடும் நிலையத்துக்கான தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் வரையுங்கள். வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும். எதில் குன்று இருக்கிறதோ அங்கே போங்கள்.

—

பாறையில் வட்டமும் நடுவில் புள்ளியும் கண்டால் உடனே லாம்டன் குறி என்று எழுதிவிட வேண்டாம். பிற்பாடு வந்த அளவையாளர்களும் அதே மலைகளில் ஏறிக் குறி வெட்டினார்கள். பாசியைத் தண்ணீரும் நார்த்தூரிகையும் கொண்டு மட்டும் தேயுங்கள். சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் பூசாதீர்கள்.

ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான எதிர்மலை தெரிகிறதா என்று பார்க்க, நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலை போங்கள், தூசி அடங்கியிருக்கும். கண்ணால் தெரியாவிட்டால் கணக்குப் போடலாம்: தரையில் நிற்பவருக்கு 40 கி.மீ. தொலைவில், ஒளிவிலகலைச் சேர்த்துப் பார்த்தாலும், புவி வளைவு சுமார் 108 மீ. மறைக்கும்.

காவிரி டெல்டாவில் குன்றே கிடையாது, அதனால்தான் கோபுரங்கள் அவருக்கு நிலையங்களாயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) சுவரில் மோதி அதன் கோண அளவு வட்டம் நெளிந்தது. இங்கிலாந்துக்கு அனுப்பாமல் லாம்டன் தானே உட்கார்ந்து ஆறு வாரத்தில் அதை நிமிர்த்தினார். விமானத்தில் ஏற இன்று அனுமதியில்லை. அங்கே கீழிருந்தே திசைகாட்டியால் மற்ற கோபுரங்களின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.