உடல் இல்லாத மின் வயலின்: தலையையும் எடுத்துவிடலாமா?

இரண்டுகட்டை (டர்பன்)

வணக்கம். கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு மின் வயலின் வரைந்துகொண்டிருக்கிறேன். எதை எடுத்தாலும் வாசிப்பு கெடாதோ அதையெல்லாம் எடுத்துவிடுவதுதான் நோக்கம். ஒரே கியாட் (ஆப்பிரிக்க மரம்) மரக்கட்டை, 25 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன், முழுக்க ஒரே சீராக. சுருள் தலை கிடையாது, பிருடை (தந்தியை முறுக்கும் முளை) கிடையாது, டெயில்பீஸ் (தந்தியின் வால்முனையைப் பிடிக்கும் துண்டு) கிடையாது. தந்தியை முறுக்க வால்பக்கத்தில் நான்கு கிட்டார் ட்யூனர். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் இரண்டு கால்களுக்கு அடியிலும், அதிர்வை மின்சாரமாக்கும் 20 மி.மீ. பீசோ வில்லை ஒவ்வொன்று. அங்கிருந்து ஒயர் நேராக மண்டபத்து மிக்சருக்கு.

தரையில் அமர்ந்து வாசிப்பதற்கு. சுருதி பெரும்பாலும் இரண்டு கட்டை (D), சில சமயம் அதைவிட உயர்ந்த ஐந்து கட்டை (G). இந்தத் தடிமன் தாங்குமா? தலையில்லாமல் சமாளிக்க முடியுமா? சத்தம் நன்றாக வருமா?

பீனிக்ஸ்_தச்சன்

கியாட் நல்ல தேர்வு. நம் வேங்கை மரத்தின் இனமேதான். காய்ந்தபின் அதிகம் முறுக்காது. ஆனால் அதன் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி இல்லாமல் இழைக்காதீர்கள்.

தடிமன் போதாது. மேற்கத்திய சுருதியில் நான்கு தந்திகளின் இழுவை சேர்ந்து ஏறக்குறைய 22 கிலோ. 25க்கு 20 கட்டை அந்த இழுவையில் நடுவில் அரை மி.மீ. அளவுக்கு வளையும். ஃபிங்கர்போர்டில் (விரல் ஓடும் பலகையில்) வேண்டுமென்றே வைக்கும் குழிவே 0.5 முதல் 0.75 மி.மீ.தான். அதோடு இன்னொரு அரை மி.மீ. சேர்ந்தால் நடு ஸ்தாயியில் தந்தி உயர்ந்து நிற்கும், கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) விரல் அழுத்த வேண்டிவரும். இரண்டு கட்டையில் இழுவை பாதியாகக் குறைவதால் வளைவும் குறையும். ஐந்து கட்டைக்கு ஏற்றியதும் திரும்பி வரும். சுருதிக்கு ஒரு உயரம் என்றால் அந்தக் கருவியை நம்ப முடியாது.

கை ஓடும் பகுதி மட்டும் மெலிவாக இருக்கட்டும்: ஃபிங்கர்போர்டையும் சேர்த்து நட்டருகே (தலைப்பக்கத்தில் தந்தி படியும் மேட்டருகே) 19, அடிப்பகுதியில் 21 மி.மீ. நட்டிலிருந்து 130 மி.மீ. தாண்டியதும் கட்டை 40 அகலம், 35 தடிமன் ஆகட்டும். அங்கே வளைவு பத்தில் ஒரு மி.மீ.க்கும் கீழே போய்விடும். அதே இடத்தில் மேல்முகத்தைப் படியாக இறக்குங்கள். ஃபிங்கர்போர்டை நேராக நீட்டினால் பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் 27 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். அப்போதுதான் கடையில் கிடைக்கும் 33 மி.மீ. பிரிட்ஜே பொருந்தும். இந்தப் படியை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். கை எந்த ஸ்தானத்தில் இருக்கிறது என்று கட்டைவிரலுக்குச் சொல்வது அதுதான்.

நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை 328 மி.மீ. பிரிட்ஜின் மேல் தந்தி மடியும் கோணம் 158 பாகை. வால்பக்கத் துளையின் உயரத்தை இதை வைத்து முடிவு செய்யுங்கள். 22 கிலோ இழுவையில் பிரிட்ஜை எட்டு கிலோவுக்கு மேல் அழுத்தும் கோணம் இது. இரண்டு கட்டையில் அழுத்தம் நான்கு கிலோ சொச்சத்துக்கு இறங்கும். கோணத்தையும் தட்டையாக வைத்தால் பிரிட்ஜ் நிலைகொள்ளாமல் இரையும்.

தளர்ந்த தந்தி அகலமாக அதிரும் என்பதையும் மறக்காதீர்கள். ஃபிங்கர்போர்டு முனையில் முதல் தந்திக்கு 3.5, நான்காவதுக்கு 5.5 மி.மீ. விடுங்கள். கமகம் சுலபமாக வரட்டும் என்று இதைவிடத் தாழ்த்தினால் மந்திர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜம் பலகையில் உரசும்.

காந்தாரம்

தச்சன் அண்ணா மரத்தைச் சொல்லிவிட்டார், நான் உட்காரும் முறையைச் சொல்கிறேன். நின்று வாசிப்பவர்களுக்கு வரைந்த தலையில்லா வயலினை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நமக்கு வயலின் நிற்பதே இரண்டு இடத்தில்: வலது கணுக்காலில் தலை, இடது மார்பில் உடல். நட்டிலிருந்து சுருள் முனைவரை 105 மி.மீ. இருக்கும். அதை வெட்டினால் நட்டே கணுக்காலில் வந்து உட்காரும். ஆரம்ப ஸ்தானத்தில் ரிஷபம் பிடிக்கும் விரல் காலில் முட்டும். அந்த நீளம் என்ன வடிவத்திலும் இருக்கலாம், இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது.

மார்புப் பக்கமும் அதே கதை. 40 மி.மீ. கட்டையின் முனை காறை எலும்பில் குத்தும், வில் திரும்பும்போதெல்லாம் கருவி தன் அச்சில் உருளும். வழக்கமான வயலினின் கீழ்ப்பகுதி அகலம் 206 மி.மீ. அதில் பாதி, 100 மி.மீ. அளவுக்கு, மார்பில் படும் பக்கம் மட்டும் ஒரு வளைந்த சிறகு வையுங்கள். பார்க்கும்போது உங்கள் எளிமை கொஞ்சம் குறையும். ஆனால் உருளும் கருவியைப் பிடிக்க இடக்கை இறுகினால் கமகமே போய்விடும்.

இதனால்தான் வால்பக்க ட்யூனரையும் நான் ஏற்கவில்லை. குமிழ்கள் ஜிப்பாவிலும் புடவையிலும் மாட்டும், சுருதி கலையும். எப்படியும் தலை நீளம் தேவை என்றால் பிருடையை அங்கேயே வைக்கலாமே. விட்னர் ஃபைன்ட்யூன் பிருடைக்குள் 8.5:1 பற்சக்கரம் இருக்கிறது. பாடகருக்குப் பாடகர் சுருதி மாற்றுவது எளிது, டெயில்பீஸ் திருகும் தேவையில்லை.

மின்கம்பி (லெனேசியா)

பீசோ இணைப்பில் பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. வில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பிரிட்ஜ் இடமும் வலமும் ஆடுகிறது. ஒரு கால் அழுத்தும்போது மற்றக் கால் தளர்கிறது. இரண்டு வில்லைகளையும் ஒரே முனைப்பில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் இந்த இரண்டு மின்னழுத்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிடைப்பது மெலிந்த, கீச்சென்ற ஓசை. ஒவ்வொன்றின் பித்தளைத் தகட்டையும் மற்றதன் வெள்ளி முகத்தோடு சேருங்கள், முனைப்பு எதிரெதிராக. வில்லின் ஓசை கூடும்; கட்டையைத் தட்டும் சத்தமும் கால் அசையும் இரைச்சலும் இரண்டு காலிலும் ஒன்றாக வருவதால் பெருமளவு அழியும். இப்படிச் செய்யும்போது ஒரு பித்தளைத் தகடு சிக்னல் பக்கம் போய்விடும், மின்விளக்கின் ஹம்மை (முனகல் இரைச்சலை) பிடிக்கும். வில்லைகளைச் சுற்றிச் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்துவிடுங்கள். தாள் அந்தத் தகட்டில் படாமல் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் நாடா.

மிக்சருக்கு நேராகப் போகவே கூடாது. இரண்டு வில்லையும் சேர்ந்து மின்தேக்குத் திறன் 30 நானோஃபாரட் என்று வைத்தால், 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் 530 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயும். இரண்டு கட்டையில் நான்காவது தந்தி 147 ஹெர்ட்ஸ். அடித்தளமே போய்விடும். 1 மெகா ஓம் இன்புட் கொடுத்தால் எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். டிஎல்071 ஐசி (ஆம்ப்ளிஃபையர் சில்லு), 9 வோல்ட் பேட்டரி, கெயின் ஒன்று (சிக்னலைப் பெருக்காமல்), அவ்வளவுதான் சர்க்யூட். எல்லோரும் சொல்லும் 10 மெகா ஓம், 1 நானோஃபாரட் அளவுள்ள சின்ன பிரிட்ஜ் பிக்கப்புகளுக்கு, உங்களுக்கு வேண்டாம். வில்லைகளின் மின்னழுத்தம் ஐசியைத் திணறடித்தால் வில்லைகளுக்கு இணையாக (பேரலலாக) 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேருங்கள், ஒலியின் நிறம் மாறாமல் அளவு கால்வாசிக்கு இறங்கும். மிக்சரில் 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி). பேட்டரி என்பதால் மின்வெட்டில் ஜெனரேட்டர் ஓடும் மண்டபத்திலும் பவர் சப்ளை வழியாக ஹம் ஏறாது.

ஒன்றை மட்டும் எந்த சர்க்யூட்டும் தராது. மர வயலினின் காற்றறை 270 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முழங்கும், பலகைகள் 400 முதல் 550 வரை. திடக்கட்டையில் இவை கிடையா. 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுக் குறைத்து 300ஐ மெல்லத் தூக்கினால் பக்கவாத்தியமாகக் காதுக்கு ஒத்துவரும். தனிக்கச்சேரி என்றால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (மர வயலினின் முழக்கத்தின் பதிவு) ஏற்றும் பெடல் வேண்டும்.

இரண்டுகட்டை (டர்பன்)

எல்லோருக்கும் நன்றி. முனைப்பு, படி, சிறகு மூன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தலை விஷயத்தில் ஒரு கேள்வி: கழற்றக்கூடிய கம்பியாக வைத்தால்? விமானத்தில் கையோடு கொண்டுபோக நீளம் குறைய வேண்டும். டர்பனிலிருந்து குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் போகும்.

பீனிக்ஸ்_தச்சன்

முடியும், ஆனால் மெலிந்த கழுத்தில் துளை போடாதீர்கள்; நட்டருகே மரம் 13 மி.மீ.தான் இருக்கும், பிளந்துவிடும். நட்டுக்கு அப்பால் 35 மி.மீ. நீளத்துக்கு 25க்கு 30 கட்டை விடுங்கள். தந்தியின் குண்டுமுனை அங்கே ஒரு உலோகத் தகட்டில் மாட்டட்டும். அதன் முனையில் 12 மி.மீ. அலுமினியக் குழாய், 30 மி.மீ. உள்ளே, 70 வெளியே, பக்கவாட்டில் ஒரு எம்4 திருகு. குழாய் முனைக்குக் கைத்தடி ரப்பர். கழற்றினால் மொத்த நீளம் 530 மி.மீ. இந்த வழியில் ட்யூனர் வால்பக்கம்தான், காந்தாரம் அக்கா சொன்ன சிக்கல் வரும். குமிழ்களைக் கட்டையின் அடியில் 15 மி.மீ. பள்ளம் குடைந்து உள்ளே தள்ளி, சிறகை அதற்கு மேலாகக் கொண்டுபோனால் துணி படாது.

ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காற்று மிக வறண்டது. கருங்காலி ஃபிங்கர்போர்டு அகலவாட்டில் சுருங்கும், கியாட் அதே அளவு சுருங்காது. எப்பாக்ஸி போட்டு ஒட்டினால் பலகையில் விரிசல் விழும். வஜ்ரம் (விலங்குத் தோல் பசை) போட்டு ஒட்டினால் விளிம்பில் விட்டுக்கொடுக்கும், சூடான கத்தியால் எடுத்து மறுபடி ஒட்டலாம். மெருகு போடுவதற்கு முன்னால் கட்டையை முரட்டு வடிவில் அறுத்து, டர்பன் ஈரத்திலிருந்து விலக்கி உலர்ந்த அறையில் சில வாரம் வையுங்கள். முறுக்க வேண்டியது அப்போதே முறுக்கட்டும்.